ஓபேட் ஸ்லேட்டன் போடாத ஓட்டு

ஓபேட் ஸ்லேட்டனைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தபோது அவர் வெளியே குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அன்றைக்கு ஆர்னெட் ஊர்க்கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் இதற்குச் சாட்சி.

செப்டம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை அது. பாதி ஊர் ஆலைக்காரர் பக்கம், மீதிப் பாதி கடைக்காரர் ரஸ்ஸல் பக்கம். நான்கு தடவை சீட்டுப் போட்டு எண்ணியாகிவிட்டது. இரண்டு பேரில் யாருக்கும் பாதிக்கு மேல் விழவில்லை. பொழுது சாய்ந்து, மடி கனத்த மாடுகள் கத்த ஆரம்பிக்கும் நேரம் வந்தது. வெர்மாண்ட் மாநிலத்து அரசியலில் எத்தனை பெரிய சிக்கலையும் கடைசியில் தீர்த்து வைப்பது கறவை மாடுதான்.

"யாரையாவது போட்டுத் தொலைங்கய்யா. நான் போய்ப் பால் கறக்கணும்" என்றார் ஒருவர்.

"யாரோடயும் சண்டை இல்லாத ஆளாப் பார்த்துச் சொல்லு."

"அப்படி ஒரு ஆள் இந்த ஊர்ல எங்கே இருக்கான்?"

"அதோ, வெளியே வாளியோட நிக்கிறானே, ஓபேட்."

ஐந்தாவது எண்ணிக்கையில் விஷயம் முடிந்தது. ஈர வாளியோடு உள்ளே வந்த ஓபேட், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு பதறிப்போனார்.

"என்னாச்சு? யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா?"

"உன்னை மாண்ட்பிலியருக்கு அனுப்பறோம்யா, சட்டசபைக்கு."

"நான் என்னய்யா தப்பு பண்ணேன்?" என்றார் ஓபேட். கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். ஆனால் அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி டார்க்கஸ் வெண்ணெய் கடைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பேசவே தெரியாத மனுஷனைப் பேசற இடத்துக்கு அனுப்பறாங்களா? இவங்க புத்தி போற போக்கைப் பாரு." சொல்லிவிட்டு அன்று மாலையே கம்பளிக் காலுறை பின்ன உட்கார்ந்துவிட்டாள். டார்க்கஸுக்குக் கோபமும் வேலையும் எப்போதும் சேர்ந்தே வரும்.

இப்படிப் போனவர் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து போனார். ஒவ்வொரு அக்டோபரும் ஆப்பிள் பறித்து முடிந்த கையோடு புறப்படுவார். ஒரு பையில் பாலாடைக்கட்டி, எண்ணெயில் பொரித்த இனிப்பு வடைகள், இன்னொரு பையில் ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய வேலைகள். ஊருக்கு அவர் சட்டமன்ற உறுப்பினரா, தூதஞ்சல்காரரா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. நின்றுபோன கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டு போவார். தொப்பிக்கு நாடா வாங்கி வருவார். விதவை ஹோவிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிய கதை இன்றைக்கும் ஊரில் உண்டு. அந்தம்மாள் வேதப்புத்தகத்தை எவ்வளவு தள்ளிப் பிடித்துப் படிப்பாள் என்பதை ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார் ஓபேட். கடையில் அந்த முடிச்சுத் தூரத்தில் பத்திரிகையைப் பிடித்து, இருபது கண்ணாடிகளைத் தானே மாட்டிப் பார்த்தார். வாங்கி வந்த கண்ணாடி ஹோவியம்மாளுக்கு அச்சாகப் பொருந்தியது. இவருக்குத்தான் இரண்டு நாள் தலைவலி.

சபையில் அவர் வாயே திறந்ததில்லை. ஏழாவது வருஷம் ஒரு தடவை எழுந்து நின்றார். சபாநாயகர் ஆச்சரியப்பட்டு, "ஆர்னெட் உறுப்பினர் பேசலாம்" என்றார். சபை அடங்கியது. "புகை வருதுங்க" என்று சொல்லிவிட்டு ஓபேட் நடந்து போய்க் கணப்பின் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் அவரை யாரும் ஏளனமாக நினைத்ததில்லை. மசோதாக்களை வரி விடாமல் படிக்கிற பத்துப் பதினைந்து பேரில் அவர் ஒருவர். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் யோசித்துத்தான் தலையாட்டுவார். ஆட்டிவிட்டால் பிறகு மாறமாட்டார். சபையில் வாக்குக் கணக்குப் போடுகிற சக உறுப்பினர், வழக்கறிஞர் ப்ளிஸ், மற்றவர்கள் பெயரை எல்லாம் பென்சிலில் எழுதுவார். ஸ்லேட்டன் பெயரை மட்டும் மையில் எழுதுவார்.

இந்த ஓபேட்டுக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு ஆசை. வில்லோ ஆற்றின் மேல் ஒரு பாலம்.

ஆறு எங்கள் ஊரை நடுவில் பிளந்துகொண்டு ஓடுகிறது. தேவாலயம், பள்ளிக்கூடம், மருத்துவர் எல்லாம் கிழக்கே. மேற்கே முப்பது வீடுகள். நான்கு மைல் கீழே ஹேடன் என்ற ஊரில் ஒரு சுங்கப் பாலம். நாற்பது வருஷத்துக்கு முன் அதைக் கட்டிய கம்பெனிக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்த உரிமைப்படி, மேலும் கீழும் ஐந்து மைலுக்கு வேறு யாரும் பாலம் கட்டக் கூடாது. அந்த உரிமையில் ஒரு சலுகையும் இருந்தது: ஆராதனைக்குப் போகிறவர்கள் சுங்கம் கட்ட வேண்டாம். விடுவார்களா எங்கள் ஆட்கள்? புதன்கிழமை ஆலைக்கு மாவரைக்கப் போகிறவன்கூடக் கக்கத்தில் வேதப்புத்தகத்தோடு போவான். சுங்கக்காரன் சளைத்தவனா? "அப்படியா, ஒரு வசனம் சொல்லு பார்க்கலாம்" என்று வாசலில் நிறுத்துவான். மேற்குக் கரைக்காரர்கள் அளவுக்கு வேதம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இந்த மாநிலத்திலேயே கிடையாது.

சிரிக்க இவ்வளவு இருந்தும், ஏப்ரல் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகும்போது, மற்ற நாளில் வண்டியோடு இறங்கிக் கடக்கிற ஆழமில்லாத துறையில் இறங்க முடியாது. ஹேடன் போகிற தாழ்ந்த சாலையும் முங்கிப்போகும். மேற்குக் கரை இரண்டு வாரம் தீவுதான். ஓபேட்டின் ஒரே மகள் லூசிண்டா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு ஏப்ரலில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவரும் ஓபேட்டும் கிழக்குக் கரையில் ஒரு பகல் முழுக்க நின்றார்கள். எதிரே வீடு தெரிகிறது, புகை தெரிகிறது, மருமகன் அமாசா கையை வீசுவது தெரிகிறது. போக மட்டும் வழியில்லை. பிள்ளை இறந்தே பிறந்தது. லூசிண்டா அதன் முகத்தைப் பார்ப்பதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்த அக்டோபரிலிருந்து ஓபேட் பால மசோதாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கம்பெனியின் உரிமையைத் தளர்த்தி, ஆர்னெட்டில் சுங்கமில்லாத பாலம் கட்ட அனுமதி தரும் மசோதா. பேசுவதற்கு ப்ளிஸைப் பிடித்துக்கொண்டு, தான் ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்தார். மூன்றாவது வருஷம் அது சபை வாசல் வரை வந்துவிட்டது.

எதிர்த்து நின்றவர் ஹேடன் உறுப்பினர் சைலஸ் ஃபார்னம். சுங்கப் பாலம் அவர் ஊர். அவர் ஊரில் பாதிப் பேர் கம்பெனியில் பங்குதாரர்கள். எதிர்க்கட்சி வேறு. தலைநகரில் விடுதிகள் நெரிசல் என்பதால் இரண்டு உறுப்பினர்களை ஒரே கட்டிலில் போடுவார்கள். ஐந்து வருஷமாக ஓபேட்டும் ஃபார்னமும் ஒரே கட்டில். பகலில் பாலத்துக்குச் சண்டை, ராத்திரியில் போர்வைக்குச் சண்டை.

"ஸ்லேட்டன், உன் பாலத்தைக் கட்டிக்கோ, போர்வையை விடுய்யா" என்பார் ஃபார்னம்.

"முதல்ல ஓட்டைப் போடு, அப்புறம் போர்வை."

அந்த வருஷம், கூட்டத்தொடர் முடிய நான்கே நாள் இருக்கும்போது, காலை உணவு வேளையில் ஃபார்னமுக்கு ஒரு கடிதம் வந்தது. படித்தவர் தட்டில் இருந்த சோள ரொட்டியைத் தொடவில்லை. ஓபேட் கேட்காமலே ஃபார்னம் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். கடைசி மகளுக்கு, நான்கு வயதுக்காரிக்கு, தொண்டையில் வீக்கம். மருத்துவர் ஒன்றும் சொல்ல மறுக்கிறார். வரவும்.

"கிளம்பு" என்றார் ஓபேட்.

"எப்படிய்யா கிளம்பறது? நாளைக்கோ மறுநாளோ உன் மசோதா வருது. நான் இல்லாம அது ஒரு ஓட்டுல ஜெயிச்சா, எங்க ஊர்ல என்னை உயிரோட விடுவாங்களா?"

சபையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அவசரமாக ஊருக்குப் போகிறவர், எதிர்த்தரப்பில் ஒருவரோடு ஜோடி சேர்வார். போனவர் திரும்பும்வரை இருக்கிறவரும் ஓட்டுப் போடமாட்டார். இவர் ஓட்டு இல்லை, அவர் ஓட்டும் இல்லை, கணக்குச் சரி. ஏட்டில் எழுதுவதில்லை, வாய்வார்த்தைதான். அதுவும் கட்சிப் பிரச்சினைகளுக்கு மட்டும் என்பதுதான் எல்லோரும் வைத்திருந்த அளவு.

"நான் உன்னோட ஜோடி. நீ போ" என்றார் ஓபேட்.

ஃபார்னம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எல்லா ஓட்டுக்குமா?"

இந்த இடத்தில் ஓபேட் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். 'கட்சி ஓட்டுக்கு மட்டும்' என்றிருந்தால் அவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் எதிரே தொடாமல் கிடந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டு அளந்து பேச அவரால் முடியவில்லை.

"எல்லாத்துக்கும்தான். நீ திரும்பி வர்ற வரைக்கும். வண்டி போயிடும், கிளம்புய்யா."

ஃபார்னம் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார். ஓபேட் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப்போய் வண்டிக்குள் வீசினார்.

மறுநாள் மசோதா வரவில்லை. அதற்கும் மறுநாள், கூட்டத்தொடரின் கடைசிக்கு முந்தின நாள், வந்தது. பார்வையாளர் மாடத்தில் மருமகன் அமாசாவும் மேற்குக் கரைக்காரர்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாலம் பிறப்பதைக் கண்ணால் பார்க்க நாற்பது மைல் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். அமாசா மாடத்திலிருந்து கையசைத்தான். ஓபேட்டால் பதிலுக்குக் கை தூக்க முடியவில்லை.

ப்ளிஸ் எண்ணிக்கைத் தாளோடு குனிந்தார். "உங்களையும் சேர்த்து ஒரு ஓட்டு அதிகம். முடிஞ்சது கதை."

"என்னைச் சேர்க்காதே. ஃபார்னமோட ஜோடி சேர்ந்திருக்கேன்."

ப்ளிஸ் சிரித்தார். "அது கட்சி ஓட்டுக்குங்க. பாலத்துக்குக் கட்சி ஏது?"

"எல்லாத்துக்குமான்னு கேட்டார். எல்லாத்துக்கும்னு சொல்லிட்டேன்."

ப்ளிஸின் சிரிப்பு போய்விட்டது. "யார் இருந்தா பக்கத்துல? சாட்சி யாரு?"

"யாருமில்லை. நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்புறம் என்னங்க!"

"அதான் சொல்றேனே, ரெண்டு பேர் இருந்தோம்."

ப்ளிஸ் எழுந்து மசோதாவை ஒத்திவைக்கச் சொல்லிப் பார்த்தார். கம்பெனிப் பக்கத்தார் மோப்பம் பிடித்துவிட்டார்கள், விடவில்லை. சபைச் செயலாளர் மாவட்ட வாரியாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் மாவட்டம் அகரவரிசையில் கடைசி. அதுவரை ஒவ்வொரு 'ஆம்', ஒவ்வொரு 'இல்லை'யும் ஓபேட்டின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஓபேட் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று பிற்பாடு டார்க்கஸிடம் மட்டும்தான் சொன்னார். போட்டுவிடலாமா என்று மூன்று தடவை நினைத்தாராம். மூன்று தடவையும் ஏப்ரல் மாதத்து ஆற்றங்கரைதான் கண்முன் வந்ததாம். அங்கே நின்ற தகப்பனைத் தெரியும் என்பதால்தான் ஃபார்னமைப் போகச் சொன்னார். இப்போது அதையே காரணமாக வைத்து அவர் முதுகில் குத்துவதா?

"ஆர்னெட், திரு. ஸ்லேட்டன்."

ஓபேட் எழுந்தார். "ஹேடன் உறுப்பினரோட நான் ஜோடி. அவர் இங்கே இருந்திருந்தா 'இல்லை'ன்னு போட்டிருப்பார். நான்…" மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். "நான் 'ஆம்'னு போட்டிருப்பேன்."

உட்கார்ந்தார். தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது. சமமானால் சபாநாயகர் ஓட்டு. அவர் 'இல்லை' என்றார். மாடத்தில் அமாசா எழுந்து நின்றதும், தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறியதும் ஓபேட்டுக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் வண்டியிலேயேதான் வந்தார். நாற்பது மைலும் அமாசா திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓட்டினான். ஆற்றுத் துறை வந்ததும் அமாசா சொன்னான்:

"மாமா, லூசிண்டாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆகாது."

எதிர்க்கரையில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். ஓபேட்டை விட்டுவிட்டு வண்டி தண்ணீரில் இறங்கியது. ஓபேட் இந்தக் கரையிலேயே நின்று கையைக் குவித்துக் கத்தினார்.

"தோத்துடுச்சும்மா!"

"எத்தனை ஓட்டுலப்பா?"

பொய் சொல்ல வராத மனிதர். "என் ஓட்டுல!"

அவள் திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் அவரை வறுத்தெடுத்தது. அவர் தேவாலயத்தில் உட்கார்ந்தால் அந்த வரிசை காலியாகும். கடைக்காரர் ரஸ்ஸல், "ஓபேட், உப்பு வேணுமா, இல்லை அதுக்கும் யாரோடயாவது ஜோடி சேர்ந்திருக்கியா?" என்று கேட்டுக் கடையே சிரித்தது. இவர் உப்பை வாங்கிக்கொண்டு, "நல்லாத்தான்யா கேக்கறே" என்று சொல்லிவிட்டு வந்தார். டார்க்கஸால் அப்படி விட முடியவில்லை.

"உங்க ஃபார்னம் ஒரு வரி எழுதினாரா?"

"அவருக்கு ஆயிரம் இருக்கும்."

"ஆயிரம் இருக்கட்டும். ஒரு நன்றின்னு எழுத எவ்வளவு மை ஆகும்?" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டில் மேப்பிள் பாகு வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாக விழும்.

மார்ச் மாத ஊர்க்கூட்டம் வந்தது. அதில் ஊர் வேலைகளுக்கெல்லாம் ஆள் நியமிப்பார்கள். அவற்றில் ஒன்று பன்றிக் காவலர். வேலி தாண்டி மேய்கிற பன்றியைப் பிடித்துக் கட்டுவது அந்த வேலை. அந்த வருஷம் கல்யாணமான இளவட்டங்களுக்குக் கேலியாக அதைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மாப்பிள்ளை முகம் சிவக்க, எல்லோரும் விசிலடிப்பார்கள். அன்றைக்கு யாரோ பின்னாலிருந்து, "பன்றிக் காவலர் ஓபேட் ஸ்லேட்டன்!" என்று கத்தினார்கள். கைகள் தூக்கப்பட்டன. மேற்குக் கரையின் கைகள் அத்தனையும்.

சிரிப்புச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், தலைநகரில் ஆர்னெட்டின் பெயராக இருந்தவர், முன்னால் நடந்து போய் வலது கையை உயர்த்தினார்.

"ஒழுங்காச் செய்வேன்" என்று உறுதிமொழி எடுத்தார். "வேலியைப் பார்த்து வைங்க. யார் பன்னின்னு பார்க்கமாட்டேன்."

மத்தியானம் பெண்கள் கொண்டுவந்த சாப்பாடு. அவித்த பீன்ஸ், பழுப்பு ரொட்டி, ஆப்பிள் பை. ஓபேட் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். பனிக்கட்டி மேல் நடந்து இக்கரைக்கு வந்திருந்த லூசிண்டா, எல்லோரையும் தாண்டி வந்து அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். நவம்பருக்குப் பிறகு மகள் அவ்வளவு கிட்டே வந்தது அன்றுதான்.

"தகரப் பாத்திரம் விக்கிறவன் வந்தான்ப்பா" என்றாள். "ஹேடன் வழியா வந்தவன். அந்தக் குழந்தை பிழைக்கலையாம்."

ஓபேட் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு அது தெரியாது.

"ஃபார்னம் வீட்டுக்குப் போனப்போ உயிர் இருந்துச்சாம். ரெண்டு நாள். ரெண்டு நாளும் மடியை விட்டு இறக்கவே இல்லையாம்."

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கலைப்பா" என்றாள் லூசிண்டா. அழாமல்தான் சொன்னாள். "ரெண்டு நாள் யாருக்காவது கிடைச்சுதேன்னு இருக்கு. அதை என் அப்பா வாங்கிக் கொடுத்தாருன்னு இருக்கு. நீங்க ஓட்டுப் போட்டிருந்தா, அந்தப் பாலத்துல நான் எப்படிக் கால் வைப்பேன்?"

பெற்ற மகள் அப்படிச் சொன்ன பிறகு அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு வாய் வரும்? ஆனாலும் மனசு இளகுவது வேறு, ஓட்டு வேறு. செப்டம்பரில் ஊர் ரஸ்ஸலைத்தான் அனுப்பியது, முதல் எண்ணிக்கையிலேயே. ஓபேட் அந்த வருஷம் முப்பத்தோரு பன்றிகளைப் பிடித்தார். அதில் நான்கு ரஸ்ஸலுடையவை.

அக்டோபரில் ப்ளிஸ் மசோதாவை மறுபடி கொண்டுவந்தார். "வாங்க மாமா, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றான் அமாசா.

"நான் போய் என்ன ஆகப்போகுது?"

"போன தடவை உங்களைப் பார்க்காம எழுந்து போனேனே. அதுக்காகவாவது வாங்க."

பன்னிரண்டு வருஷம் கீழே உட்கார்ந்தவர், முதல் தடவையாக மாடத்தில் உட்கார்ந்தார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் வழுக்கைத் தலையாகத் தெரிகிறது என்று அமாசாவின் காதில் சொன்னார். மூன்றாவது வரிசையில் சைலஸ் ஃபார்னமின் தலை. ஒரே வருஷத்தில் முழுக்க நரைத்திருந்தது. மசோதாவைத் தோற்கடித்த புகழ் அவருக்கே சேர்ந்து, ஹேடன் அவரை எதிர்ப்பே இல்லாமல் மறுபடி அனுப்பியிருந்தது. கம்பெனிக்காரர்கள் மாடத்தின் மறுபக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். மறுபடியும் இழுபறி. எங்கள் மாவட்டம் வந்தபோது மசோதாவுக்கு எதிராக ஒன்று கூடுதல். ரஸ்ஸல் 'ஆம்' என்று கத்தினார். சமம்.

"ஹேடன், திரு. ஃபார்னம்."

ஃபார்னம் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சபாநாயகர் அவர்களே, போன வருஷம் இதே கேள்வியில நானும் ஆர்னெட் ஸ்லேட்டனும் ஜோடி. நான் திரும்பி வர்ற வரைக்கும் ஓட்டுப் போடமாட்டேன்னார். நான் அந்தக் கூட்டத்துக்குத் திரும்பி வரவே இல்லைங்க. இப்பத்தான் வந்திருக்கேன். வந்து பார்த்தா அவரைக் காணோம். அதனால, அவர் போடாத ஓட்டை நான் போடறேன். ஆம்."

செயலாளர் பேனாவைத் தூக்கியபடி சபாநாயகரைப் பார்த்தார்.

"ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டுத்தான், திரு. ஃபார்னம்" என்றார் சபாநாயகர், அதட்டலாக இல்லாமல். "உங்களுடையதை எப்படிப் பதிவு செய்ய?"

"இதையே பதிவு பண்ணுங்க. எனக்குன்னு இதுல ஓட்டு இல்லைங்க" என்றார் ஃபார்னம்.

மீதி இருந்தவர்கள் எப்போதும்போலப் போட்டார்கள். பாலம் ஒரு ஓட்டில் வந்தது. அமாசா, ஆறடி ஆள், மாமனாரை அப்படியே தூக்கிவிட்டான். மேற்குக் கரைக்காரர்கள் தொப்பிகளை எறிந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எழுந்து, கீழே ஃபார்னமைப் பார்த்துக் கேட்கக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"இறக்கி விடு மாப்பிள்ளை" என்றார் ஓபேட்.

வெளியே கருங்கல் படிக்கட்டில் ஃபார்னம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் ஊர்க்காரர் ஒருவர்கூட அருகில் இல்லை. அந்த ஊர் இனி அவரை எந்தக் கூட்டத்துக்கும் அனுப்பப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஓபேட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுதணும்னு பல தடவை உட்கார்ந்தேன், ஸ்லேட்டன்" என்றார் ஃபார்னம். "முடியலை."

"அதை விடு." ஓபேட் அவர் பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டு நாள் குழந்தை உன்கிட்ட என்ன பேசினா?"

ஒரு வருஷமாக யாரும் அவரிடம் இதைக் கேட்டிருக்கவில்லை.

"பேச முடியலைய்யா. தொண்டை அடைச்சுப்போச்சு. நான் வந்துட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டா. என் கட்டைவிரலை இப்படிப் பிடிச்சவ, கடைசி வரைக்கும் விடலை."

அவர் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஓபேட் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கீழே வண்டியைப் பூட்டிவிட்டு அமாசா இரண்டு தடவை கூப்பிட்டான். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, குதிரைகளை மறுபடி அவிழ்த்துவிட்டான்.